போன் இல்லாமச் சுத்திறதுக்கு ஒரு வாடகைச் சைக்கிள் கடை, ஒட்டுசுட்டான் பக்கம்

முதலே சொல்லிப்போடுறன், சைக்கிளுக்கு மட்டும் மார்க் போடெண்டா 5க்கு 2 தான் போடுவன். ஆனா அந்தக் கடைக்கு நான் திரும்பவும் போவன், வெளியில இருந்து வாற சொந்தக்காரரையும் அங்கதான் கூட்டிக்கொண்டு போவன், ஏனெண்டா அந்த ஐயா வழி சொல்லி அனுப்புற மாதிரி இப்ப ஆரும் சொல்லுறேல்ல. கடையிண்ட பேரை எழுதேல்ல, கீழ கொஞ்சம் குறையும் சொல்லப் போறன், அந்தாள் நல்ல மனிசன், பேரைப் போட்டு நாறடிக்க எனக்கு விருப்பமில்ல. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்குப் போற ஏ34 றோட்டில ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. சைக்கிள் திருத்திற கடைதான் அது, வாடகை எண்டு போர்ட் ஒண்டும் இல்ல, கேட்டாக் குடுப்பார்.

போன் இல்லாமப் பயணம் போறது இப்ப ஒரு ஸ்டைலாப் போச்சு. கொழும்பில இருந்து வாறவை, கனடாவில இருந்து வாறவை எல்லாம் டிஜிட்டல் டீடொக்ஸ் எண்டு கதைக்கினம், போனை ஓஃப் பண்ணி வச்சிட்டுப் போனம் எண்டு அடுத்த நாள் போனிலயே போட்டோ போடுகினம். வன்னியில இருக்கிற எங்களுக்கு உது கொஞ்சம் சிரிப்பாத்தான் இருக்கும், ஏனெண்டா வன்னிக்குள்ள கைபோன் பரவலா வந்ததே சண்டை முடிஞ்ச 2009க்குப் பிறகுதான், அதுக்கு முதல் எங்க போறதெண்டாலும் ஆள் கேட்டுத்தான் போனது, பற்றறி இல்லாத காலத்தில சைக்கிளைத் தலைகீழாக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோச் செய்தி கேட்டது. பழைய காலம் பொற்காலம் எண்டு நான் சொல்ல வரேல்ல, மண்ணெண்ணைக்கு லைனில நிண்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா வழி கேட்டுப் போறது எண்ட ஒரு விசயம் மட்டும் உண்மையிலயே இப்பத்தையத்தை விட நல்லா இருந்தது எண்டு நினைக்கிறன்.

இந்தமுறை போனது நானும் கனடா மச்சானும். அவன் வீட்டு வாசலில இருந்து கடைச் சந்திக்குப் போறதுக்கும் போனில மப் போடுற ஆள். கிளிநொச்சியில இருந்து பஸ்ஸில மாங்குளம், அங்க சந்தியில இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்கு நிண்டம். (முறிகண்டியில பஸ் நிக்கும், பிள்ளையாரைக் கும்பிட்டு கச்சான் வாங்காம ஏறினா அது வன்னிப் பயணமே இல்ல, அதுக்குத் தனியா ரிவியூ தேவையில்ல.) கொழும்பில இருந்து வாறாக்கள் ரெயின் எடுக்கலாம். யாழ்தேவி 1956ல ஓடத் தொடங்கினது, 1990ல இந்தப் பக்கம் வாறது நிண்டு போய் 2013ல கிளிநொச்சி வரைக்கும் வந்து 2014 ஒக்டோபரிலதான் திரும்ப யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. யன்னல் சீற் எடுத்தா வவுனியா தாண்டினாப் பிறகு காடும் குளமும் மாறி மாறி வரும், அதைப் பாக்கிறதுக்கே காசு குடுக்கலாம்.

இனி சைக்கிள். எல்லாம் பழைய லுமாலா, ஆம்பிளைச் சைக்கிள், பார் வச்சது, ஒண்டு ரெண்டு பொம்பிளைச் சைக்கிளும் இருக்கு. கியர் எண்டு ஒண்டும் இல்ல, தேவையும் இல்ல, வன்னியில எங்க ஏத்தம் இருக்கு, ஒரே ஒரு ஏத்தம் குளக்கட்டில ஏறுறதுதான், அதை இறங்கி உருட்டலாம். எனக்குத் தந்ததில சீற்றுக்குக் கீழ ஸ்பிரிங் ஒண்டு உடைஞ்சு கம்பி கட்டியிருந்தது, பின் பிரேக் கட்டை தேஞ்சு போய் பிடிச்சா ஆட்டுக்குட்டி கத்திற மாதிரி ஒரு சத்தம், பெல் அடியாது ஆனா மட்காட் தானா அடிக்கும். கரியல் மட்டும் நல்ல பலம், தண்ணிப் போத்தல், சாப்பாட்டுப் பார்சல், துவாய் எல்லாம் ரியூப் துண்டால இழுத்துக் கட்டித் தந்தார். ஒரு நாள் வாடகை ஒரு கொத்து ரொட்டிக் காசுக்கும் வராது, அந்த விலைக்கு இதுக்கு மேல கேக்கவும் ஏலாது.

காசை வாங்கி சேட்டுப் பொக்கற்றில வச்ச உடன "எங்க போறியள் தம்பி?" எண்டு கேட்டார். முத்தையன்கட்டுக் குளம் பாக்கோணும், போற வழியில கற்சிலைமடு, அப்பிடியே சும்மா சுத்தோணும் எண்டு சொன்னன். மச்சான் போனை எடுத்தான், ஐயா அதைப் பாத்தவர், ஒண்டும் சொல்லேல்ல, மேசைக்குள்ள இருந்து ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து ஒரு ஒற்றையைக் கிழிச்சு பேனையால கீறத் தொடங்கினார். அந்த ஒற்றை இப்பவும் என்ர பேர்சுக்குள்ள இருக்கு. றோட்டுக்கு ஒரு கோடு, வாய்க்காலுக்கு ரெண்டு கோடு, மதகுக்கு ஒரு பெட்டி. சங்கக்கடை, பள்ளிக்கூடம், ஒற்றைப் பனை, மருத மரம். ஒரு இடத்தில புள்ளி ஒண்டு வச்சு "நாய்" எண்டு எழுதியிருந்தார், என்ன ஐயா இது எண்டு கேக்க, "அதில ஒண்டு நிக்கும், குலைக்கும், கடியாது, நீங்கள் பயந்து வேகமா மிதிச்சாத்தான் துரத்தும்" எண்டார். நாய் சரியா அந்த இடத்திலதான் நிண்டது.

எனக்கு மெத்தப் பிடிச்சது அவர் இடதுகரை வலதுகரை விளங்கப்படுத்தின விதம். முத்தையன்கட்டில இடதுகரை எண்டும் வலதுகரை எண்டும் ரெண்டு பக்கமும் குடியிருப்பு இருக்கு, வெளியால வாற ஆக்கள் எல்லாரும் அதில மாறுவினம். மச்சான் "இடதுகரை எண்டா இடக்கைப் பக்கம் திரும்போணும் என்ன?" எண்டு கேட்டான். "இல்லைத் தம்பி, கட்டில ஏறிக் குளத்துக்கு முதுகைக் காட்டி, தண்ணி ஓடுற பக்கம் முகத்தை வச்சு நில்லுங்கோ. அப்ப உங்கட இடக்கை எங்கால இருக்கோ அதுதான் இடதுகரை. இப்ப நீங்கள் கீழ இருந்து கட்டைப் பாத்துப் போறியள், அப்ப அது உங்கட வலக்கைப் பக்கமாத்தான் வரும்" எண்டார். இதை ஒரு மப்பும் சொல்லித் தராது. வன்னியில எந்தக் குளத்துக்குப் போனாலும் இந்த ஒரு கணக்குக் காணும், இரணைமடுவுக்கும் பொருந்தும், வவுனிக்குளத்துக்கும் பொருந்தும்.

தூரம் மட்டும் கவனமாக் கேளுங்கோ. ஐயா கட்டைக் கணக்கிலதான் சொல்லுவார், ஒரு கட்டை எண்டா ஒரு மைல், றோட்டுக் கரையில நட்டிருக்கிற கல்லெல்லாம் இப்ப கிலோமீற்றர். நாலு கட்டை எண்டு அவர் சொன்னா ஆறரை கிலோமீற்றர் மிதிக்கோணும். வெயிலுக்க அந்த வித்தியாசம் நல்லா விளங்கும்.

நான் கையோட கொண்டு போனது நில அளவைத் திணைக்களத்தின்ர மப் ஷீற். அதைப் பற்றியும் கொஞ்சம் எழுதோணும், ஏனெண்டா இப்ப உதை வாங்கிற ஆக்களே குறைவு. 1800ல தொடங்கின திணைக்களம் அது, வெள்ளைக்காரன் காலத்து மப்பில ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் கணக்கு, இப்ப விக்கிறது ஐம்பதினாயிரத்துக்கு ஒண்டு, அதாவது மப்பில 2 சென்ரிமீற்றர் எண்டா நிலத்தில 1 கிலோமீற்றர். முழு இலங்கைக்கும் 92 ஷீற். கொழும்பு நாரஹேன்பிட்டியில கிருள வீதியில இருக்கிற ஹெட் ஒபிசில வாங்கலாம். கடதாசி நல்ல தடிப்பு, ஆனா மடிச்சு மடிச்சுக் கொண்டு போனா மடிப்பில கிழியும், பின்பக்கம் துணி ஒட்டி வச்சா வருசக் கணக்கா நிக்கும். போன் மப்பில பெரிய குளம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், இதில எங்கட சின்னச் சின்னக் குளமெல்லாம் நீலத்தில கிடக்கும், விரிச்சுப் பாத்தா வன்னி முழுக்க நீலப் பொட்டு வச்ச மாதிரி. எந்த வாய்க்கால் எதுக்க விழுது, எந்த ஆறு எங்க போகுது எண்டதை விரலை வச்சுக்கொண்டே போகலாம். முத்தையன்கட்டுக்குத் தண்ணி வாறது பேராறு எண்ட ஆத்தால, அது பிறகு நந்திக்கடல் பக்கம் போகுது. கனகராயன் ஆறு அதுக்கு மாறா வடக்கால ஓடி இரணைமடுவுக்க விழுது. இது தெரிஞ்சிட்டா எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் ஏ9 (கண்டி - யாழ்ப்பாணம் றோட்டு) எண்டு மனசுக்க ஒரு படம் வந்திடும், பிறகு வெயிலைப் பாத்தே போகலாம்.

மப்பில குறை எண்டா ஒழுங்கையள். சண்டைக்குப் பிறகு போட்ட கிரவல் றோட்டு, வீட்டுத்திட்டத்து ஒழுங்கை ஒண்டும் சரியா இல்ல, அதே நேரம் மப்பில வடிவாக் கிடக்கிற பாதை நிலத்தில பத்தை பிடிச்சுப் போய்க் கிடக்கு. அதால மப்பையும் ஐயாவின்ர கொப்பி ஒற்றையையும் சேத்து வச்சுத்தான் போகோணும், குளத்துக்கு மப், ஒழுங்கைக்கு ஒற்றை. இன்னொண்டு, ஆமிக் காம்ப் இருக்கிற பக்கத்தில றோட்டுக் கரையில நிண்டு இந்தப் பெரிய மப்பை விரிச்சு வச்சுக்கொண்டு கையைக் காட்டிக் கதைக்காதேங்கோ. சொல்லுறது விளங்கும் எண்டு நினைக்கிறன்.

மப்பை விரிச்சா சனம் வரும், அது போனில நடக்காது. கற்சிலைமடுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில மேசையில விரிச்சு வச்சிருந்தம், பக்கத்தில பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருந்த ஒரு வயசான ஐயா எழும்பி வந்து கண்ணாடியை மாட்டினார். "இதில தண்ணிமுறிப்பு இருக்கோ தம்பி?" எண்டு கேட்டார். அது அடுத்த ஷீற்றில, நல்ல காலம் அதையும் கொண்டு போனனான். எடுத்து விரிக்க, குளத்தைக் கண்டு பிடிச்சு நீலத்திண்ட கரையைச் சுத்தி விரலை மெல்ல மெல்லக் கொண்டு வந்தவர், ஒரு இடத்தில நிப்பாட்டினார். "84ல விட்டிட்டு வந்தனாங்கள், குளம் போட்டிருக்கிறான், வீடு போடேல்லையோ?" எண்டார். "வீடெல்லாம் இதில வராது ஐயா" எண்டன். "அப்ப கிணறு?" எண்டு கேட்டார். பிறகு அவரே எங்களுக்குத் தேத்தண்ணிக்குக் காசு குடுத்திட்டுப் போட்டார், நாங்கள் மறிச்சும் கேக்கேல்ல.

கற்சிலைமடு எண்டா வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஞாபகம்தான். 1803 ஒக்டோபர் 31ம் திகதி கப்டன் வொன் ட்ரிபேர்க் அவரைத் தோற்கடிச்ச இடம் எண்டு வெள்ளைக்காரன் கல்லு நட்டவன். தான் வெண்டதைச் சொல்ல அவன் நட்ட கல்லு, ஆனா சனம் அந்த இடத்தைக் கும்பிடுறது தோத்த ஆளுக்காக. இந்தக் கதையை மச்சானுக்கு நான் சொல்லேல்ல, றோட்டில மாடு சாய்ச்சுக்கொண்டு வந்த ஒரு பெடியன் சொன்னவன், போர்ட்டில எழுதியிருக்கிறதை விட வடிவாச் சொன்னவன். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்கும் போனம், மத்தியானம் நடை சாத்தியிருந்தது, வெளிவீதி மர நிழலில கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்தம், அவ்வளவுதான்.

வழி கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு, அதைத் தெரியாட்டி இந்த மாதிரிப் பயணம் சரிவராது. "இது முத்தையன்கட்டுக்குப் போற றோட்டோ?" எண்டு கேக்கக் கூடாது, எங்கட சனம் மரியாதைக்கு ஓம் எண்டிடும். "இந்த றோட்டு எங்க போகுது?" எண்டு கேக்கோணும். "இந்தா, கிட்டத்தான்" எண்டு சொன்னா தண்ணி குடிச்சிட்டு ஏறுங்கோ. நிண்டு கேளுங்கோ, சைக்கிளால இறங்கிக் கேளுங்கோ, சீற்றில இருந்தபடி கேட்டா விடை கட்டையா வரும், இறங்கினா "எந்த ஊர், ஆற்ற பிள்ளை" எண்டு தொடங்கிக் கடைசியில உங்கட அம்மாவின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி வீடு எது எண்டதும் தெரிய வரும். கடைக்காரரை விட மாடு மேய்க்கிற ஆக்களுக்கும் மீன் விக்கப் போற ஆக்களுக்கும்தான் பாதை நல்லாத் தெரியும். இளம் பெடியளிட்டக் கேட்டா அவங்களும் போனைத்தான் எடுப்பாங்கள்.

முத்தையன்கட்டுக் கட்டில ஏறேக்க பின்னேரம் மூண்டு மணி இருக்கும். அலைகரையில கொக்கு, நாரை, தூரத்தில வள்ளத்தில ரெண்டு பேர் வலை இழுக்கினம். துருசடியில, அதுதான் குளத்துத் தண்ணி திறந்து விடுற இடத்தில, தண்ணி விழுற சத்தம். மச்சான் அரை மணித்தியாலம் வாயே திறக்கேல்ல, அவன் அப்பிடி இருந்து நான் பாத்ததில்ல, பிறகு கேட்டா வயித்தில பசியாம். கட்டுக்குக் கீழ ஒரு வீட்டுக் கடையில விரால் குழம்பும் சோறும் கிடைச்சுது, முதல் நாளே சொல்லி வைக்கோணும் எண்டு ஐயா சொல்லி, அவரே ஆளிட்டச் சொல்லியும் விட்டிருந்தார், போனில இல்ல, அந்தப் பக்கம் போன ஒரு ட்ரக்டர் காரரிட்ட. சோறு சொன்னபடி இருந்தது. குழம்புக்கு 5க்கு 5, உறைப்புத் தாங்க மாட்டாத ஆக்கள் தயிர் கேட்டு வாங்குங்கோ, எருமைத் தயிர் இருந்தா உங்கட அதிஸ்டம்.

இப்ப குறைக்கு வாறன். திரும்பி வரேக்க விடத்தல் முள்ளுக் குத்தி பின் ரயர் காத்துப் போச்சு. சைக்கிளோட பம்மும் இல்ல, ஒட்டுப் போடுற சாமானும் இல்ல. வாடகைக்கு விடேக்க ஒரு சின்னப் பம், ரெண்டு ஒட்டு, ஒரு சொலுசன் ரியூப் கட்டி விட்டா என்ன குறைஞ்சா போகும், அதுவும் சைக்கிள் திருத்திற கடை வச்சுக்கொண்டு. ஒரு கட்டைக்கு மேல உருட்டினாப் பிறகுதான் ஒரு அக்கா வீட்டில பம் கிடைச்சுது, அவவின்ர மோன் வந்து ஒட்டும் போட்டுத் தந்தவர், காசு வாங்கேல்ல. அடுத்தது லைற். டைனமோ கொழுவிக் கிடக்கு, ஆனா பல்ப் இல்ல. பொழுது பட முதல் வந்திடுவியள்தானே எண்டு ஐயா சொல்லுறார், முள்ளுக் குத்தினா எப்பிடி வாறது? திரும்பி வந்து சொன்னன், தலையை ஆட்டிக் கேட்டார், பம் வாங்கி வைக்கிறன் எண்டார். வைப்பாரோ தெரியாது, அடுத்த முறை பாப்பம்.

பொழுது படுறது ஏன் முக்கியம் எண்டா ஆனை. அஞ்சரைக்குப் பிறகு காட்டுக் கரை றோட்டில சைக்கிளில போகாதேங்கோ, ஊர்ச்சனமே போகாது. சனம் "இண்டைக்கு அதால போகாதேங்கோ" எண்டு சொன்னா காரணம் கேட்டுக்கொண்டு நிக்காமத் திரும்புங்கோ. பழைய முறையில சுத்திறம் எண்டு போட்டுப் பாதையை விட்டுக் காட்டுக்க இறங்கிற விளையாட்டும் வன்னியில வேண்டாம். சிவப்பு போர்ட்டில மண்டையோடு போட்டிருந்தா அது உண்மையான மிதிவெடி போர்ட். 2017 கடைசியிலதான் இலங்கை மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில சேர்ந்தது, அதின்படி பத்து வருசத்துக்குள்ள துப்பரவாக்கி முடிக்கோணும், நிறைய இடம் துப்பரவாக்கியாச்சு, ஆனா நீங்கள் நிக்கிற இடம் எந்தப் பட்டியலில இருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாது. மாட்டுத் தடம், சைக்கிள் தடம் இருக்கிற பாதையில மட்டும் போங்கோ. பாலைப்பழம் மரத்தில கண்டாலும் அதேதான், றோட்டுக் கரையில விக்கிற பிள்ளையளிட்ட வாங்கிச் சாப்பிடுங்கோ, பால் ஒட்டி வாய் பிசுபிசுக்கும், தேங்காய் எண்ணெய் பூசினாப் போகும்.

போனை வீட்டில விட்டிட்டுப் போகச் சொல்லி நான் சொல்லேல்ல. ஓஃப் பண்ணி, பொலித்தீனில சுத்தி, பாய்க்குக்குள்ள போடுங்கோ. விழுந்து காயம் எண்டா 1990 எண்ட நம்பருக்கு அடிச்சா அம்புலன்ஸ் காசில்லாம வரும், அதுக்கு போன் வேணும். மச்சான் தன்ரயை அப்பிடித்தான் வச்சவன், மத்தியானத்துக்குப் பிறகு ரெண்டு தரம் பொக்கற்றைத் தடவினதோட சரி.

மொத்தத்தில: சைக்கிள் 2, வழி சொல்லுறது 5, மப் ஷீற் 4, பின்னேரம் சைக்கிளைத் திருப்பிக் குடுக்கிற வேலை 3, ஏனெண்டா ஆள் கோயிலுக்குப் போட்டார் எண்டா கடை வாசலில காத்திருக்கோணும். குடும்பமா, சின்னப் பிள்ளையளோட வாறாக்களுக்கு இது சரிவராது, ஓட்டோ பிடியுங்கோ. கார்த்திகை மார்கழியில வராதேங்கோ, குளம் நிரம்பி வான் பாய்ஞ்சா பாதி றோட்டு தண்ணிக்க. வைகாசியில இருந்து நல்லது, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் வரும், பாலைப்பழமும் வரும், ஆனா பொங்கல் நாளில சைக்கிள் கிடைக்காது, எல்லாத்தையும் ஊர்ச்சனமே எடுத்திடும். வெயிலுக்குத் தொப்பி, ரெண்டு போத்தல் தண்ணி, உங்கட சொந்தப் பம். காசு சில்லறையாக் கொண்டு போங்கோ, அஞ்சாயிரம் தாளை நீட்டினா மாத்திறதுக்கு ஐயா சந்திக் கடைக்குப் போவார், அங்க ஆரையும் கண்டு கதைக்கத் தொடங்கினார் எண்டா உங்கட பஸ் போயிடும்.